கடைசி முடிச்சு

பெரும்பாலான வீடுகளில் முடிவுறாத தையல் ஒன்று இருக்கும். பழைய இரும்புப் பெட்டியின் அடியிலோ, கட்டிலுக்குக் கீழே தள்ளிய அட்டைப்பெட்டியிலோ, பரணில் மூட்டையாகவோ அது கிடக்கும். வெட்டி வைத்த சதுரத் துணிகள் சில, பாதி இணைத்த வரிசைகள் சில, துணியிலேயே குத்தி வைத்த ஊசி ஒன்று. ஊசியின் காதில் நூல் கோத்தபடியே இருக்கும். எவரோ ஒருவர் விடுமுறை நாள்களில் ஆவலுடன் தொடங்கிய வேலை அது. விடுமுறை முடிந்தது, வேலை முடியவில்லை.

தொடங்குவதில் இன்பம் மிகுதி. துண்டுத் துணிகளைத் தரையில் பரப்பி, சிவப்பின் அருகில் மஞ்சள் பொருந்துமா, கோடு போட்ட துணிக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி எடுக்குமா என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போது, போர்வை இன்னும் கனவாகவே இருக்கிறது. கனவில் கோணல் இல்லை. தைக்கத் தொடங்கிய பிறகுதான் கோணல் கண்ணில் படும். முதுகு வலிக்கும், ஒரு நிறம் போதாமற்போகும், ஒரே தையலை நூற்றுக்கணக்கான முறை போட வேண்டியிருக்கும். அப்போது வேறொரு புதிய வேலையின் நினைவு இனிக்கத் தொடங்கும். இவ்வாறே ஒன்று பரணுக்கு ஏறுகிறது. மற்றொன்று தரைக்கு வருகிறது.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. பாதி கட்டிய வீட்டில் ஓர் அறையிலேனும் குடியிருக்கலாம். பாதி எழுதிய கடிதத்தையும் படித்துப் பொருள் கொள்ளலாம். பாதி தைத்த போர்வையை எவரும் போர்த்த இயலாது. ஓரத்தை மடித்துத் தைக்கும் வரையில் அது துண்டுகளின் கூட்டமே. இழுத்தால் பிரியும், துவைத்தால் நூல் நூலாக உதிரும். கடைசித் தையல் விழுந்த பிறகே அதற்குப் போர்வை என்ற பெயர் பொருந்தும். ஆகவே கந்தலைப் போர்வையாக்கும் கலையில் தேர்ச்சி பெற விரும்புவோர், வெட்டவும் இணைக்கவும் கற்பதோடு முடிக்கவும் கற்றாக வேண்டும்.

கந்தையும் காந்தாவும்

கிழிந்த பழந்துணியைத் தமிழர் கந்தை என்பர். கந்தல் என்றும் வழங்குவர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி அனைவரும் அறிந்ததே. வங்காளத்தில் பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குக் காந்தா என்று பெயர். ஒட்டுப்போட்ட ஆடையைக் குறிக்கும் கந்தா என்னும் வடசொல்லோடு இவ்விரண்டையும் தொடர்புபடுத்துவர். ஒரே சொல் தெற்கே கிழிசலையும் கிழக்கே கலைப்பொருளையும் குறித்து நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, ஓர் ஊசி கடக்கும் தொலைவே.

தமிழகத்தின் பெரும்பகுதி வெப்பம் மிகுந்தது. தடித்த போர்வையின் தேவை அங்கே குறைவு. கோரைப்பாயும் ஒரு மெல்லிய போர்வையும் போதும். ஆயினும் பழந்துணி அங்கே வீணாவதில்லை. அம்மாவின் பழைய பருத்திப் புடவை குழந்தைக்குத் தூளியாகும். தாத்தாவின் நைந்த வேட்டி, பிறந்த குழந்தையைத் துடைக்கும் மென்துணியாகும். இன்னும் நைந்தது அடுப்படியில் சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கும் கரித்துணியாகும். பிழைப்பின் பொருட்டு வடக்கேயும் மேற்கேயும் சென்று குடியேறிய தமிழர், அங்குள்ள குளிரையும் அதற்கென அமைந்த போர்வைகளையும் ஒருங்கே கண்டனர்.

வங்காளத்துக் காந்தாவின் செய்ம்முறை எளியது. நைந்து மென்மையான புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு ஓரங்களையும் இணைத்து, ஊசி மேலும் கீழுமாகச் சென்று வரும் ஓட்டத்தையலால் முழுப் பரப்பையும் நிரப்புவர். முற்காலத்தில் இதற்கென நூல் வாங்கும் வழக்கமும் இல்லை. புடவையின் வண்ணக் கரையிலிருந்தே இழைகளை உருவி, அவற்றைக் கொண்டே தைத்தனர். குளிர்காலப் போர்வை லேப் காந்தா எனப்படும். பூவும் மீனும் தேரும் கதைமாந்தரும் தைத்த அழகிய வகை நக்சி காந்தா எனப்படும். மேற்கு வங்கத்து நக்சி காந்தா 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட வங்கக் கதைப்பாடல் ஒன்றுக்கு இக்கலையே பெயர் தந்தது. 'நக்சி காந்தார் மாட்' என்னும் அந்நூலின் தலைவி சாஜு, தன்னைப் பிரிந்து சென்ற கணவன் ரூபாயை எண்ணித் தன் வாழ்க்கைக் கதையைத் துணியில் தைக்கிறாள். தான் இறந்த பின்பு அத்துணியைத் தன் கல்லறைமேல் விரிக்க வேண்டும் என்று தாயிடம் கேட்டுக்கொள்கிறாள். எழுத்தறியாதவர் தம் வரலாற்றைப் பதிந்துவைக்க ஊசியும் நூலும் போதும் என்பதை அக்கதை காட்டுகிறது.

பீகார் மாநிலத்தின் முசாபர்பூர் மாவட்டத்தில் உள்ள பூசுரா என்னும் சிற்றூரும் சுற்றுப்புற ஊர்களும் சுஜனி என்னும் தையலுக்குப் பெயர்பெற்றவை. பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்காகப் பழம்புடவைத் துண்டுகளை இணைத்துத் தைப்பது அங்குள்ள மரபு. தாய் உடுத்திய துணியின் மென்மையே குழந்தையின் முதற்காப்பு. கந்தலுக்கென்று அங்கே ஒரு தெய்வமும் உண்டு. சித்திரியா மா என்பது அதன் பெயர். சிதறிய துண்டுகள் யாவும் ஒரு முழுமைக்கு உரியவை, அவை மீண்டும் அம்முழுமையைச் சேர வேண்டும் என்பது அவ்வழிபாட்டின் கருத்து. இந்தி பேசும் நிலப்பகுதிகளில் இத்தகைய ஒட்டுப் போர்வை குதடி எனப்படும். எளிய குடும்பத்தில் பிறந்து உயர்ந்தவரைக் குதடியில் கிடந்த மாணிக்கம் என்று பொருள்பட அங்குள்ளோர் போற்றுவர்.

துணி வரும் வழி

பழந்துணி பல வழிகளில் வந்து சேர்கிறது. வீட்டாரின் உடைகள் முதல் வழி. தையற்கடையில் வெட்டியபின் எஞ்சும் துண்டுகள் இரண்டாம் வழி. வாரச்சந்தையில் விற்கும் பழைய உடைகள் மூன்றாம் வழி. தில்லியின் மேற்குப் பகுதியில் உள்ள ரகுபீர் நகரில் பழந்துணிச் சந்தை ஒன்று பொழுது புலரும் முன்பே கூடும். வாகரி சமூகத்துப் பெண்கள் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்து தெருத்தெருவாகச் சென்று, அவற்றைக் கொடுத்துப் பழைய உடைகளைப் பெற்று, அச்சந்தையில் விற்பர். பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவி வரும் வணிகரைத் தமிழ்நாட்டுத் தெருக்களும் அறியும். அரியானாவின் பானிபட் நகரிலோ, பழைய கம்பளி உடைகளை நிறவாரியாகப் பிரித்து, பிய்த்து, மீண்டும் நூலாக்கிப் போர்வை நெய்கின்றனர். 1999-இல் தில்லியில் தொடங்கப்பெற்ற கூஞ்ச் என்னும் தொண்டு நிறுவனம், உடுத்த இயலாத துணிகளைக்கொண்டு சுஜனி விரிப்புகள் தைக்கச் செய்கிறது. அதன் நிறுவனர் அன்சு குப்தா 2015-இல் ரமோன் மகசேசே விருது பெற்றார்.

பழந்துணியில் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதில்தான் வேலை முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் அமைந்துள்ளது. துணியை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால் நைந்த இடம் தெரியும். புடவையில் காலருகே உரசும் பகுதி முதலில் நையும். உள்ளே செருகும் தலைப்பு நெடுநாள் உழைக்கும். உடல் கிழிந்த பின்பும் கரை உறுதியாக நிற்கும். சட்டையில் கழுத்துப்பட்டை தேய்ந்தாலும் முதுகுப் பகுதி நன்றாகவே இருக்கும். வேட்டி மடிப்பில் கிழியும். மடிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி உதவும். இவ்வாறு ஆய்ந்து எடுக்காமல் நைந்ததையும் உறுதியானதையும் கலந்து தைத்தால், உறுதியான துண்டு நைந்த துண்டை இழுத்துக் கிழித்துவிடும்.

துவைக்காத புதுத்துணியைப் பழந்துணியோடு சேர்ப்பதும் தவறு. பழந்துணி சுருங்க வேண்டிய அளவு சுருங்கி, போக வேண்டிய சாயமும் போய், அடங்கிய துணி. புதுத்துணியோ முதல் துவைப்பில் சுருங்கும், சாயம் கக்கும். ஆகவே எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை துவைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். இழுத்தால் நீளும் பனியன் துணியையும் நீளாத பருத்தித் துணியையும் அருகருகே வைத்தால் பரப்பு சுருக்கம் கொள்ளும். பருத்திக்குப் பருத்தி நூலே ஏற்றது. செயற்கை இழை நூல் நைந்த துணியை நாளடைவில் அறுத்துவிடும். நூலைக் கை நீளத்துக்கு மேல் எடுத்தால் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். தையல் வரிசைகளுக்கு இடையே இரண்டு விரல் அகலத்துக்குமேல் இடைவெளி விட்டால் உள்ளே வைத்த துண்டுகள் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும்.

இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். பரணில் கிடக்கும் முடிவுறாத தையல்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இத்தகைய சிறு தடைகளில் ஒன்றில்தான் நின்றிருக்கும். சாயம் கலந்த நாளிலோ, துணி சுருங்கிய நாளிலோ, நூல் பத்தாவது முறை சிக்கிய நாளிலோ மடித்து வைத்தவை அவை. மடித்து வைப்பவர் நாளைக்கு என்று சொல்லித்தான் வைக்கிறார்.

பாதியில் நின்ற கோதடி

மராட்டிய நாட்டில் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைக்குக் கோதடி என்று பெயர். துறவி காட்கே பாபா (1876–1956) ஒட்டுப்போட்ட ஆடையை உடுத்தி, கையில் துடைப்பத்துடன் ஊர் ஊராகச் சென்று தெருக்களைக் கூட்டித் தூய்மையைக் கற்பித்தவர். கந்தலைக் கண்டு முகஞ்சுளிக்கக் கூடாது என்னும் பாடம் அம்மண்ணில் ஊறியது.

புனே நகரின் கட்கிப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் ஒன்றில், திருநெல்வேலியிலிருந்து மணமகளாக வந்த ஒரு பெண், தம் முதற்குளிர்காலத்தில் அடுத்த வீட்டு மராட்டியப் பெண்மணியிடம் கோதடி தைக்கக் கற்றார். இவருக்கு மராட்டி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஊசியைப் பிடித்துக் காட்டவும் தவறினால் கையைத் தட்டவும் மொழி தேவைப்படவில்லை. பின்னர் இவர் தம் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோதடி தைத்தார். பாட்டியான பின்பு பேத்திக்கென ஒன்றைத் தொடங்கினார். அதில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தபோது கண்ணில் புரை வளர்ந்தது. சில திங்கள்கள் தடவித் தடவித் தைத்தார், பின்னர் நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். கோதடி பெட்டிக்குள் போயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து அக்குடும்பம் வீடு மாற வேண்டியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது மூட்டை வெளியே வந்தது. வாசலில் பாத்திரக்காரி வந்து நின்றிருந்தாள். புது வீடு சிறியது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகளின் முகத்தைப் பார்த்துத் தாய் சொன்னார்:

"அத்தை தைத்தது என்று ஆறு ஆண்டுகளாக வைத்திருந்தேன். போர்த்தவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. இதைக் கொடுத்தால் ஒரு குடமேனும் கிடைக்கும்."

"ஆச்சி எனக்காகத் தொடங்கியதல்லவா அம்மா? நான் முடிக்கிறேன்."

"தொடங்கியவர் அவர். முடிப்பது உன் பாடு. மாதக் கடைசிக்குள் வீடு மாற வேண்டும். அதற்குள் முடிந்தால் போர்வையாக வரட்டும். மூட்டையாக வர இடமில்லை."

பாத்திரக்காரி வெறுங்கையுடன் திரும்பினாள். மகளிடம் இருபத்தாறு மாலைப்பொழுதுகள் இருந்தன.

முதல் இரண்டு நாள்களை அவள் பிரிப்பதில் செலவிட்டாள். ஆச்சியின் கடைசி வரிசைகள் ஒழுங்கற்றுக் கிடந்தன. சில தையல்கள் அரை விரல் நீளம். சில தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று. அவற்றைப் பிரித்துவிட்டு நேராகத் தைத்தால்தான் அழகாக இருக்கும் என்று எண்ணினாள். அடுத்த வீட்டு ஆஜி, ஆச்சிக்குக் கற்பித்த அதே பெண்மணி, தள்ளாத வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அருகில் அமர்ந்தார்.

"என்ன பிரிக்கிறாய், பாளா?"

"கோணலாக இருக்கிறது ஆஜி."

ஆஜி துணியை மடியில் இழுத்து அவ்வரிசைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இங்கேதான் அவளுக்குக் கண் மறைத்தது. இதைப் பிரித்தால், கண் தெரியாமலும் அவள் தைத்தாள் என்பதை யார் அறிவார்? தளர்ந்திருக்கிறது என்றால் பக்கத்தில் இன்னொரு வரிசை ஓட்டு. இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்."

அவள் ஊசியை மாற்றிப் பிடித்தாள். ஆச்சியின் வரிசைக்கு அருகே தன் வரிசையை ஓட்டினாள். ஒன்று வளைந்தும் ஒன்று நேராகவும் இரண்டும் துணியின் மறுகோடி வரை சென்றன.

ஒரு மூலைக்குத் துணி போதவில்லை. தன் பழைய பள்ளிச்சீருடையின் நீலப் பாவாடையை வெட்டி வைத்தாள். இன்னும் ஒரு சாண் குறைந்தது. ஆஜி தம்முடைய ஒன்பது கசப் புடவையின் கரையைக் கிழித்துக் கொடுத்தார். தாய் இரவில் அடுக்களை வேலை முடிந்த பின் ஓரம் மடிக்க அமர்ந்தார். தைக்கும் கைகளுக்கு நடுவே பேச்சும் நடந்தது. இது ஆச்சியின் எந்தப் புடவை, இதற்குப் பெயர் என்ன, இது முந்தானையா, கொசுவமா, உடலா என்று மகள் கேட்டாள். தறி, பாவு, ஊடு, கரை, பேட்டு என்று தாய் தமக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றுள் பல, வீட்டில் எவரும் பல ஆண்டுகளாகச் சொல்லாத சொற்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராட்டியும் பேசி வளர்ந்த மகளுக்கு அவை புதியவை; தாய்க்கோ, பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்த மற்றொரு மூட்டை.

இருபத்து நான்காம் நாள் மாலை ஓரம் முழுதும் மூடியது. கடைசித் தையலைப் போட்டு நூலை இரண்டு முறை சுற்றி இழுத்து அவள் முடிச்சிட்டாள். அது அழகிய கோதடி என்று சொல்ல இயலாது. ஒரு மூலை நீலமாகத் தனித்து நின்றது. நடுவில் சற்று மேடு தட்டியது. வீடு மாறிய முதல் இரவில் சாமான்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன. கைக்கு எட்டிய ஒரே போர்வை அதுதான்.

ஓரத்திலிருந்து நடுவுக்கு

மகாராட்டிரத்துக்குத் தெற்கே, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டங்களின் காட்டுப்பகுதியில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். போர்ச்சுகீசியர் ஆட்சிக்காலத்தில் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பின்னர்க் காடுகளுக்குத் தப்பிச் சென்றவர்களின் வழியினர் அவர்களுள் பலர். தாய்நாட்டிலிருந்து எதையும் சுமந்து வர வாய்ப்பில்லாதவர்கள், வந்த இடத்தில் கிடைத்த கந்தலைக்கொண்டு தமக்கென ஒரு கலையை வளர்த்துக்கொண்டனர். அவர்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் கவந்தி என்று பெயர்.

கவந்தி தைக்கும் முறை தனித்தன்மை உடையது. அடியில் ஒரு புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு செல்வர். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு உட்புறமாக அடுத்த சுற்று. இவ்வாறு ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவை அடையும்போது பரப்பு நிறைந்துவிடும். ஏனையோர் இறுதியில் எதிர்கொள்ளும் ஓர வேலையை அவர்கள் முதலிலேயே செய்துவிடுகின்றனர். கடினமானதை முதலில் வைத்துக்கொண்டால் முடிவு தானே நெருங்கி வரும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றினும் சிறியதாகும்.

பரப்பு நிறைந்த பின்பும் கவந்தி முடிந்ததாகக் கருதப்படாது. நான்கு மூலைகளிலும் துணியைப் பல மடிப்பாக மடித்து முக்கோண வடிவில் தைப்பர். அதற்குப் பூலா என்று பெயர்; பூ என்பது பொருள். அந்தப் பூவினால் போர்வைக்கு வெப்பமும் கூடாது, உறுதியும் கூடாது. ஆயினும் பூ இல்லாத கவந்தி குறையுடையது என்பர். இதை ஒருவர் தொடங்கினார், ஒருவர் முடித்தார் என்பதற்கு அந்த நான்கு பூக்களும் சான்று. கந்தலால் ஆன பொருளாயினும், அரைகுறையாக விட்டுவிடத்தக்கதன்று என்னும் மதிப்பு அம்மூலைகளில் மலர்ந்து நிற்கிறது.

முடிதல்

தமிழில் முடி என்னும் வினை மூன்று பொருள் தரும். கூந்தலை முடித்தாள் என்றால் கட்டினாள் என்பது பொருள். வேலையை முடித்தாள் என்றால் நிறைவேற்றினாள் என்பது பொருள். அவளால் முடியும் என்றால் ஆற்றல் உண்டு என்பது பொருள். கட்டுதல், நிறைவேற்றல், ஆற்றல் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் உறைவதைத் தையல் வேலை செய்வோர் விரலாலேயே உணர்வர். நூலின் நுனியில் முடிச்சு விழும்போது வேலையும் முடிகிறது. இனி அடுத்ததும் முடியும் என்னும் துணிவும் பிறக்கிறது. துணிவு என்னும் சொல்லுக்குள்ளும் துணி இருப்பது தமிழின் மற்றோர் அழகு.

நூல் என்னும் சொல்லும் அத்தகையதே. இழையும் நூல், ஏடும் நூல். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், புத்தகம் உருவாகும் முறையை நூல் நூற்கும் முறையோடு ஒப்பிட்டு விளக்குகிறது. அங்கே சொற்கள் பஞ்சு; புலவன் நூற்பவள்; வாய் கை; அறிவு கதிர். பஞ்சு மட்டும் குவிந்து கிடந்தால் அது நூலாகாது. குற்றமின்றி நூற்று முடித்தால்தான் நூலாகும். தாய்மொழியைத் துண்டு துண்டாகக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கும் இவ்வொப்புமை பொருந்தும். பாட்டியிடம் கேட்ட நான்கு சொற்கள், விடுமுறையில் ஊரில் கேட்ட ஒரு கதை, வீட்டில் வழங்கும் ஒரு வசவு, ஒரு தாலாட்டின் பாதி ஆகியவை துண்டுகள்தாம். அவை நைந்தவையும் அல்ல, தள்ளத்தக்கவையும் அல்ல. தைப்பார் இன்றிக் கிடப்பவை.

முடிந்த போர்வையும் என்றென்றும் அப்படியே இருப்பதில்லை. நாள்தோறும் போர்த்த அது நைகிறது, மடிப்பில் கிழிகிறது, உள்ளிருக்கும் துண்டுகள் எட்டிப் பார்க்கின்றன. அப்போது அதை எறிவது மரபன்று. பழைய போர்வையின் மேலும் கீழும் வேறு புடவைகளை விரித்து மீண்டும் ஓட்டத்தையல் போடுவர். முன்னவர் தைத்தது உள்ளடுக்காகி வெப்பம் தரும். பின்னவர் தைத்தது வெளியே தெரியும். பாதியில் நின்ற வேலைக்கு இந்தப் பேறு கிடைப்பதில்லை. முடிந்தது மட்டுமே அடுத்த போர்வைக்கு உள்ளீடாகும்.